பழங்கால நாகரிகம் படிக்க ஆசையா? சிங்கப்பூரிலிருந்து படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வழி

என் மகள் இங்கிலாந்தில் முதலில் சேர்ந்த படிப்பின் பெயரிலேயே ‘பழங்கால நாகரிகங்கள்’ என்று இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாவது வாரம் தொலைபேசியில் அழுதாள். அவள் படிக்க நினைத்தது கல்வெட்டும் பழைய மொழிகளும். அங்கே முதலாண்டு முழுக்க கிரேக்க, ரோமானிய வரலாறு, அதுவும் ஆங்கில மொழிபெயர்ப்பில். மொழி வகுப்பு இரண்டாம் ஆண்டில்தான், இடம் இருந்தால். இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா என்ற பேச்சே பாடத்தில் இல்லை. அந்த வருடத்தை எப்படியோ முடித்துவிட்டு, வேறொரு பல்கலைக்கழகத்தில் மறுபடியும் முதலாண்டிலிருந்து தொடங்கினாள். எங்களுக்கு ஒரு வருடமும் அறுபதாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேலும் போயிற்று.

யாரும் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. பாடப் பட்டியல் இணையத்தில் எல்லாருக்கும் தெரியும்படிதான் இருந்தது. அதை எப்படிப் படிக்க வேண்டும், என்ன கேள்வி கேட்க வேண்டும், எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. மருத்துவம், சட்டம், கணினி என்றால் உறவினரில் நாலு பேர் வழி சொல்வார்கள். இந்தப் படிப்புக்கு நம் குடும்பங்களில் முன்னால் போனவர்கள் குறைவு. அதனால் எங்களுக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

1. எழுத்தா, மண்ணா, வரலாறா என்று முடிவு செய்யுங்கள்

‘பழங்கால நாகரிகம்’ என்று ஒரே பெயரில் சொல்கிறோம். பல்கலைக்கழகத்துக்குள் போனால் அது மூன்று தனித்தனி வழிகள்.

எழுத்து வழியில் போகிறவர்கள் பழைய மொழிகளை அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டு மூல நூல்களையும் கல்வெட்டுகளையும் தாங்களே படிப்பார்கள். கிரேக்கம், லத்தீன், எகிப்தியச் சித்திர எழுத்து, மெசபொத்தேமியாவின் ஆப்பெழுத்து, சமஸ்கிருதம், பாலி, சங்கத் தமிழ் எல்லாம் இதில் வரும். தினமும் இலக்கணம் படிக்கப் பொறுமை வேண்டும்.

மண் வழி தொல்லியல். குழி தோண்டுவதும் பானை ஓடுகளைக் கழுவி எண்ணிட்டு அடுக்குவதும்தான் பெரும்பகுதி வேலை. எலும்பு, விதை, உலோகம் எல்லாவற்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். அறிவியல் பிடித்தவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

வரலாற்று வழியில் ஏற்கெனவே கிடைத்த சான்றுகளை வைத்து வாதம் செய்வார்கள். நிறையப் படிக்க வேண்டும், நிறையக் கட்டுரை எழுத வேண்டும்.

இதில் எது உங்களுக்கு என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. நாங்கள் இரண்டாம் தடவை விண்ணப்பிக்கும் முன் மகளைத் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே ‘சிங்கப்பூர்க் கல்’ இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் நின்ற பெரிய பாறையை 1843-இல் வெடிவைத்துத் தகர்த்தபோது மிஞ்சிய துண்டு. அதில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தேய்ந்துபோன ஒவ்வொரு வளைவையும் நாற்பது நிமிடம் நின்று பார்த்து வரைந்தாள். கூட வந்த அவள் தம்பிக்கு எழுத்தில் அக்கறையே இல்லை. இது என்ன வகைக் கல், எங்கிருந்து வந்தது, எவ்வளவு வெடிமருந்து போட்டிருப்பார்கள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். யாருக்கு எந்த வழி என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

நீங்களும் போய்ப் பாருங்கள். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் தாங் என்ற சீன அரசமரபின் காலத்துக் கப்பலுக்கு ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. இந்தோனீசியாவின் பெலித்துங் தீவருகே 1998-இல் கண்டெடுத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு அது. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-ஐக் குறிக்கும் தேதி பொறித்திருக்கிறது. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும் உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் கட்டணம் இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் போதும். லட்சக்கணக்கில் செலவாகப் போகிற முடிவுக்கு இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியவில்லை.

2. படிப்பின் பெயரை மூடிவிட்டு பாடப் பட்டியலைப் படியுங்கள்

நாங்கள் வழுக்கி விழுந்த இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘பழங்கால வரலாறு’ என்று பெயர் வைத்த படிப்புகளில் பெரும்பாலானவை கிரேக்கத்தையும் ரோமையும்தான் சொல்லித்தரும். எகிப்து கொஞ்சம் சேரலாம். சிந்துவெளி, சங்ககாலம், சீனா, ஸ்ரீவிஜயம் ஆகியவை வேறு துறையில் இருக்கும், அல்லது இருக்காது. அதனால் ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் கீழே இறங்கிப் பாடப் பட்டியலுக்குப் போங்கள். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் பத்தியில் கட்டாயப் பாடங்கள். உங்கள் மூன்று வருடம் எப்படி இருக்கும் என்பதை இவைதான் சொல்லும். இரண்டாவது பத்தியில் விருப்பப் பாடங்கள். கவர்ச்சியான தலைப்புகள் எல்லாம் இங்கேதான் இருக்கும், ஆனால் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘ஒவ்வோர் ஆண்டும் நடைபெறாது’ என்று போட்டிருப்பார்கள். கற்பிக்கும் பேராசிரியர் விடுப்பில் போனால் பாடமும் போய்விடும். மூன்றாவது பத்தியில் மொழி: எந்த மொழி, எந்த ஆண்டில், கட்டாயமா விருப்பமா, பட்டத்துக்குக் கணக்காகுமா அல்லது மாலை வகுப்பா.

மகள் சேர்ந்த முதல் படிப்பை இப்படி எழுதிப் பார்த்திருந்தால், அவளுக்குப் பிடித்தது எல்லாம் இரண்டாவது பத்தியில் மட்டும் இருந்ததைக் கண்டுபிடித்திருப்போம்.

எந்த வழிக்கு எங்கே பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். எகிப்து, மெசபொத்தேமியா என்றால் ஆக்ஸ்ஃபர்டில் அவற்றுக்கென்றே இளங்கலைப் படிப்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜில் தொல்லியல் படிப்புக்குள்ளேயே எகிப்தியலையும் ஆப்பெழுத்து மொழிகளையும் தேர்ந்தெடுக்கலாம். லிவர்பூலிலும் எகிப்தியல் இளங்கலை உண்டு. தொல்லியல் என்றால் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் கழகமும் டரம் பல்கலைக்கழகமும் பெயர் பெற்றவை. புத்தர் பிறந்த லும்பினியில் அகழாய்வு செய்த குழுவை வழிநடத்தியவர்களில் டரம்காரரும் உண்டு, தெற்காசியா பிடித்தவர்கள் அதைக் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி, மெக்குவாரி இரண்டும் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவை.

கிரேக்க, லத்தீன் செவ்வியல் படிப்புக்கு அந்த மொழிகளைப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டுமோ என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். தேவையில்லை. ஆக்ஸ்ஃபர்டில் மொழி தெரியாதவர்களுக்கென்று தனி வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லத்தீன் படிக்காதவர்களுக்கு நான்கு ஆண்டுப் படிப்பு. அந்த நான்காவது ஆண்டின் செலவைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

சங்கத் தமிழை ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் இளங்கலைக்கு வெளிநாட்டில் வாய்ப்புகள் குறைவு. அமெரிக்காவில் சிக்காகோ, பெர்க்லி பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்கிறார்கள். முதுகலைக்கு என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், தொல்லியல் துறை, புனேயின் டெக்கான் கல்லூரி மூன்றையும் பாருங்கள். வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டை இருந்தால் இந்தியாவில் படிக்க மாணவர் விசா வேண்டாம், ஆய்வு செய்வதற்கு மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும்.

3. இங்கேயே படிக்கலாமா என்று முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் தொல்லியலுக்கென்று தனி இளங்கலைப் பட்டம் இல்லை. இதைக் கேட்டதும் பலர் உடனே வெளிநாட்டு விண்ணப்பத்தைத் திறந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, தென்கிழக்காசிய ஆய்வு, தெற்காசிய ஆய்வு மூன்றும் இருக்கின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வரலாறு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்குச் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கிய இளங்கலை உண்டு. நம் ஊரிலேயே மண்ணும் இருக்கிறது: ஃபோர்ட் கேனிங்கில் பேராசிரியர் ஜான் மிக்சிக் 1984-இல் தோண்டத் தொடங்கியதிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுச் சிங்கப்பூர் வெளிவந்துகொண்டே இருக்கிறது.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் மானியம் போக, கலைப் படிப்புக்கு இங்கே ஆண்டுக்கு 8,000 முதல் 9,000 வெள்ளி வரை ஆகும். நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 34,000 வெள்ளி, பிள்ளை வீட்டிலிருந்தே போய்வரலாம். நிரந்தரவாசிகள் இந்த மானியத்தை வாங்கினால் படித்து முடித்து மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்ய வேண்டும்.

இங்கிலாந்தில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கலைப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டிலிருந்து 40,000-க்கு மேலும் போகிறது. நடுவில் 30,000 என்று வையுங்கள். தங்க, சாப்பிட, போய்வர 14,000. மூன்று வருடத்துக்கு 132,000 பவுண்டு. ஒரு பவுண்டு 1.70 வெள்ளி என்றால் 224,400 வெள்ளி. இதில் விமானச் செலவும் ஆண்டுதோறும் ஏறும் கட்டணமும் சேரவில்லை.

இங்கே இளங்கலை முடித்து, இங்கிலாந்தில் ஒரே ஆண்டு முதுகலை படித்தால்? இளங்கலைக்கு 34,000 வெள்ளி. முதுகலைக்குப் பன்னிரண்டு மாதமும் அங்கே இருக்க வேண்டும், 46,000 பவுண்டு என்று வைத்தால் 78,200 வெள்ளி. ஆக மொத்தம் 112,200. பாதிச் செலவில் இரண்டு பட்டங்கள். இடையில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் வெளிநாடு போனாலும் இங்குள்ள கட்டணத்தையே கட்டினால் போதும்.

என்னைக் கேட்டால், வரலாற்று வழியில் போகிறவர்களுக்கும் தென்கிழக்காசியா பிடித்தவர்களுக்கும் இதுதான் சரியான வழி. எகிப்தியமோ ஆப்பெழுத்தோ கிரேக்கமோ வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் இளங்கலையிலேயே வெளியே போகச் சொல்வேன். அந்த மொழிகள் கைவர வருடக்கணக்கில் ஆகும், முதுகலையில் தொடங்கினால் காலம் போதாது.

மத்திய சேம நிதியைப் பற்றி ஒரு விஷயம். பெற்றோரின் சாதாரணக் கணக்கிலிருந்து உள்ளூர்ப் படிப்புக்கு எடுக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு எடுக்க முடியாது. இது தெரியாமல் கணக்குப் போட்டு வைத்திருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும், கடைசி நேரத்தில் வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் தர ஆள் தேடி அலைந்தார்கள். உள்ளூரில் எடுத்தாலும் பிள்ளை படித்து முடித்து ஓராண்டில் வட்டியோடு திரும்பக் கட்டத் தொடங்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்கள் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிடம் உதவிநிதி பற்றிக் கேளுங்கள்.

4. நாள்காட்டி: நம் மாதமும் அவர்கள் மாதமும்

மேல்நிலைத் தேர்வு நவம்பரில் முடிந்து முடிவு பிப்ரவரி கடைசியில் வருகிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் முடிவு வந்த பிறகு சில வாரங்களே திறந்திருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்கு அதற்கு முன்பே. 2026 சேர்க்கையிலிருந்து உள்ளூர்ச் சேர்க்கைப் புள்ளிகள் 70-க்குக் கணக்கிடப்படுகின்றன. தாய்மொழிப் பாடம் மொத்தத்தை உயர்த்தினால் மட்டும் அதில் சேரும், அதனால் தமிழில் நன்றாகச் செய்பவர்களுக்கு லாபம்தான்.

பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற ஒரே தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து படிப்புகள் வரை போடலாம். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றுக்குத்தான் அதே ஆண்டில் விண்ணப்பிக்க முடியும். அந்த இரண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை ஆறு மணி. நமக்கு அது 16-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. மற்றவற்றுக்கு ஜனவரியில்.

அக்டோபர் 15 என்றால் இன்னும் நாள் இருக்கிறதே என்று தோன்றும். இல்லை. தொடக்கக் கல்லூரியில் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கு உள்ளே தனிக் கெடு வைத்திருப்பார்கள், ஆகஸ்டிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வந்துவிடும். செப்டம்பரில் பள்ளியின் முன்னோடித் தேர்வு. சில படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வும் உண்டு, அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். ஆக, தன்விளக்கக் கட்டுரையை ஜூன் விடுமுறையிலேயே எழுதி முடிக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை செப்டம்பரில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் தேர்வு, ஒரு பக்கம் கட்டுரை, இரண்டும் அரைகுறையாயின.

ஆஸ்திரேலியாவில் வேறு சிக்கல். அங்கே முதல் பருவம் பிப்ரவரி கடைசியில் தொடங்கும், அப்போதுதான் நம் தேர்வு முடிவே வரும். அதனால் ஜூலை சேர்க்கையைக் குறிவையுங்கள். ஆனால் தொடர் மொழிப் பாடங்களின் முதல் பகுதி பிப்ரவரியில் தொடங்கினால் ஜூலையில் போகிறவர் நடுவில் நுழைய வேண்டியிருக்கும். எந்தப் பருவத்தில் தொடங்குகிறது என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

5. ஆவணங்களும் அந்த ‘டி/ஓ’வும்

வேண்டியவை: கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், சாதாரணநிலை, மேல்நிலைத் தேர்வுச் சான்றிதழ்கள், பள்ளி நற்சான்றிதழ், பரிந்துரை எழுதுபவரின் விவரம். எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து ஒரே கோப்புறையில் போடுங்கள். தேர்வு முடிவுத் தாள் வேறு, சான்றிதழ் வேறு. சில பல்கலைக்கழகங்கள் சான்றிதழைத்தான் ஏற்கும், அது சில மாதம் கழித்துத்தான் கைக்கு வரும்.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மகளின் கடவுச்சீட்டில் அவள் பெயர், பிறகு ‘இன்னார் மகள்’ என்பதைக் குறிக்கும் டி/ஓ, பிறகு அப்பா பெயர். யூகாஸ் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். அவள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, டி/ஓ-வை விட்டுவிட்டாள். விசா படிவத்தை நான் நிரப்பினேன். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதலாம் என்று பார்த்தால் அந்தச் சாய்கோட்டைக் கணினி ஏற்கவில்லை, நான் ‘டிஓ’ என்று சேர்த்து எழுதினேன். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த சேர்க்கை உறுதிப் பதிவில் ஒரு பெயர், விசா விண்ணப்பத்தில் இன்னொரு பெயர், சான்றிதழில் மூன்றாவது. திருத்திய கடிதம் வர பதினோரு நாள் ஆயிற்று. விமானச் சீட்டு வாங்கிய பிறகு அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தூக்கமே இல்லை.

ஆகவே முதல் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே உட்கார்ந்து முடிவெடுங்கள். கடவுச்சீட்டில் கீழே இரண்டு வரியில் அம்புக்குறிகளோடு எந்திரம் படிக்கும் எழுத்துகள் இருக்கும். அதில் உங்கள் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். ‘இன்னார் மகன்’ என்ற எஸ்/ஓ-வுக்கும் இதே. ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்பா, அம்மா, பிள்ளை, பரிந்துரை எழுதும் ஆசிரியர் நால்வரும் அதைப் பார்த்தே எழுத வேண்டும்.

6. தன்விளக்கக் கட்டுரை

யூகாஸில் இது இப்போது மூன்று கேள்விகளாக இருக்கிறது: ஏன் இந்தப் படிப்பு, உங்கள் கல்வி எப்படி உங்களைத் தயார்செய்தது, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கு. ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது 350.

முதல் தடவை மகள் சின்ன வயதிலிருந்தே பிரமிடுகள் பிடிக்கும், ஆவணப்படங்கள் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாள். அப்படித்தான் எல்லாரும் எழுதுவார்கள்.

இரண்டாம் தடவை எழுதியதைச் சொல்கிறேன். என் அப்பா சிராங்கூன் ரோட்டில் பொன் வேலை செய்தவர். அவருடைய உரைகல் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு துணியில் சுற்றி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கல், மேலே மெல்லிய பொன் கீறல்கள். தாய்லாந்தில் கிராபி பக்கம் குவான் லுக் பாட் என்ற இடத்தில் இதே மாதிரி ஒரு உரைகல் கிடைத்திருக்கிறது. அதில் தமிழ் பிராமி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது, மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். கடல் கடந்து வந்த ஒரு பொற்கொல்லர் தன் கல்லில் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறார். மகள் தாத்தாவின் கல்லை மேசையில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லில் உள்ள எழுத்துகளைப் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்த கதையையும் எந்த இடத்தில் தடுக்கி நின்றாள் என்பதையும் எழுதினாள். ஐந்தில் நான்கு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது.

உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். ஒரே ஒரு பொருளையோ ஒரே ஒரு வரியையோ எடுத்துக்கொண்டு, என்ன பார்த்தீர்கள், என்ன புரியவில்லை, புரிந்துகொள்ள என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். மேல்நிலையில் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் பாடமாக எடுத்தவர்கள் அதை ஒளித்துவைக்காதீர்கள். பழைய பாடலை உரையோடு ஒப்பிட்டுச் சொல் சொல்லாகப் பிரித்துப் படித்த பழக்கம் இந்தத் துறையில் நேரடியாக உதவும் திறமை.

7. முகவர் வழியாகப் போவதென்றால்

வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் பெரும்பாலும் நம்மிடம் காசு வாங்குவதில்லை. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு தரும். அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் காட்டும் பட்டியலில் தரகு தராத இடங்கள் இருக்காது. நாங்கள் போன முகவர் ஆறு பெயர் காட்டினார், ஒன்றில்கூட பழைய மொழி கட்டாயப் பாடம் இல்லை. விசா படிவத்துக்கு அவர்கள் உதவியை வாங்கிக்கொள்ளுங்கள். படிப்பை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

8. ஆண் பிள்ளைகளுக்கு

தேசிய சேவை முடியும்வரை உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடத்தை வைத்திருக்கும். வெளிநாட்டில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இரண்டு வருடம் ஒத்திவைக்க முடியுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். முடியாதென்றால் சேவையின் கடைசி ஆண்டில், கையில் உண்மையான மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் நீண்ட நாள் தங்க வெளியேறும் அனுமதி தேவைப்படும், அதையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

9. சம்மதம் சொல்லும் முன் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல்

இடம் கிடைத்ததும் மகிழ்ச்சியில் உடனே பொத்தானை அழுத்திவிடாதீர்கள். துறையின் சேர்க்கைப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நாங்கள் இரண்டாம் தடவை கேட்டவை: முதலாண்டில் எந்தப் பழைய மொழியைத் தொடங்கலாம், வாரம் எத்தனை மணி? போன இரண்டு ஆண்டுகளில் எந்த விருப்பப் பாடங்கள் உண்மையில் நடந்தன? அகழாய்வுப் பயிற்சி எத்தனை வாரம், எங்கே, பயணச் செலவு யாருடையது? முதல் பருவத்துக்குள் வேறு படிப்புக்கு மாற முடியுமா?

அகழாய்வுச் செலவை முக்கியமாகக் கேளுங்கள். கோடை விடுமுறையில் நடக்கும், அதனால் பிள்ளை ஊருக்கு வரும் நாளும் குறையும், விடுமுறை வேலையில் சம்பாதிக்கவும் முடியாது.

ஒரு வாரத்தில் தெளிவான பதில் வந்த துறையில்தான் மகள் சேர்ந்தாள்.

10. விசாவும் கையிருப்பும்

பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் படிப்பு தொடங்க ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். அதோடு மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, மொத்தக் காலத்துக்கும் ஒரேயடியாக முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு ஏறத்தாழ 2,700 பவுண்டு வரும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு 2,000 ஆஸ்திரேலிய டாலர், மருத்துவக் காப்புறுதி தனி.

பிரிட்டனுக்கு முதலாண்டுக் கட்டணத்தின் பாக்கியும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் இருக்க வேண்டும். லண்டனில் மாதம் 1,500 பவுண்டுக்கு மேல், மற்ற ஊர்களில் 1,100-க்கு மேல் என்று கணக்கு. அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களிடம் பொதுவாக முதலிலேயே வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பதில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் கட்டாயம் காட்ட வேண்டும். இந்த 28 நாளுக்குள் நகைச்சீட்டு, வீட்டுக் கடன் தவணை என்று எதுவும் அந்தக் கணக்கிலிருந்து போகாதபடி வேறு கணக்குக்கு மாற்றி வையுங்கள்.

பல்கலைக்கழகத்தை மாற்றினால் விசாவும் புதிதாக எடுக்க வேண்டும், கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். நாங்கள் இரண்டு தடவை கட்டினோம்.

புறப்படும் நாளில் சேர்க்கைக் கடிதம், சான்றிதழ்களின் அசல், விசா உறுதிக் கடிதம், தங்குமிட முகவரி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட வேண்டாம். மகள் இரண்டாம் தடவை கிளம்பும்போது அந்தக் கோப்புக்குள் என் அப்பாவின் உரைகல்லும் இருந்தது. சாங்கி சோதனையில் அது என்ன என்று கேட்டார்கள். பொன்னைத் தேய்த்துப் பார்க்கும் கல் என்று சொல்லி, துணியைப் பிரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.